சிங்கிள் காயிலா ஹம்பக்கரா? அந்த உம்ம்ம் சத்தம் எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க

தம்பி, நீங்க தலைப்புல கேட்டது எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப்ல, ஒரே காயில் வச்ச சிங்கிள் காயில் நல்லதா ரெண்டு காயில் வச்ச ஹம்பக்கர் நல்லதான்னு, ஆனா கீழ எழுதியிருக்கறத படிச்சா கேள்வி வேற மாதிரி இருக்கு. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல வீடு, காலேஜ் படிக்கிறீங்க, முகூர்த்த நாள்ல ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறீங்க, ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சுல வாசிக்கிறீங்க, கையில இருக்கறது மூணு சிங்கிள் காயில் வச்ச ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் கிட்டார். ஸ்டேஜ்ல அது உம்ம்ம்னு இரையுது, மைக் செட்காரர் திட்டுறார், கூட வாசிக்கிற நண்பர் மூணையும் கழட்டி வீசிட்டு ஹம்பக்கர் போடுடான்னு சொல்றார், உங்களுக்கோ அப்படி போட்டா இப்ப இருக்கற கணீர்னு க்ளீன் சவுண்டு போயிடுமோன்னு பயம். ஆக உண்மையான கேள்வி, சத்தமும் போகணும் சவுண்டும் போகக்கூடாது, அதுக்கு பிக்கப்ப மாத்தினா தான் வழியா, இதானே?

நான் பாண்டிச்சேரில இருபது வருஷத்துக்கு மேல கிட்டார் வாசிக்கிறேன், டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படிச்சதால சர்வீஸும் சேந்தே வந்துடுச்சு, கல்யாண ரிசப்ஷன், மாதா கோயில் திருவிழா, தீமிதி கச்சேரி, ஆரோவில் பக்கம் சின்ன ஹால்ல வாசிக்கிறதுன்னு எல்லா எடத்துலயும் இந்த இரைச்சலோட மல்லுக்கட்டியிருக்கேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், உங்க கிட்டார நான் திறந்து பாக்கல, அதனால சில எடத்துல இப்படி இருந்தா அப்படின்னு தான் சொல்ல முடியும். அப்புறம் ரொம்ப கெயின் வச்சு, அதாவது சிக்னல பெருசா பெருக்கி மெட்டல் வாசிக்கிறவங்க விஷயம் எனக்கு கை பழக்கம் கம்மி, அத அதுலயே ஊறினவங்க கிட்ட கேளுங்க.

பிக்கப்னா என்ன? ஒரு காந்தம், அத சுத்தி முடி மாதிரி மெல்லிசான செம்பு கம்பில ஆயிரக்கணக்கான சுத்து, அவ்ளோதான். மேல இருக்கற ஸ்டீல் ஸ்ட்ரிங்க அந்த காந்தம் லேசா காந்தமாக்குது, ஸ்ட்ரிங் ஆடும்போது காயிலுக்குள்ள காந்தப்புலம் மாறுது, அது சின்ன வோல்டேஜா வெளிய வருது. பிரச்சனை என்னன்னா அந்த காயிலுக்கு ஸ்ட்ரிங் எது ட்ரான்ஸ்ஃபார்மர் எதுன்னு பிரிச்சு பாக்க தெரியாது, பக்கத்துல மாறிக்கிட்டே இருக்கற எந்த காந்தப்புலம் இருந்தாலும் அதையும் பிடிச்சு அனுப்பிடும். நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதோட மடங்கு 100, 150ன்னு கூடவே வரும். ஆறாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட்ல வர்ற ஜி நோட் 98 ஹெர்ட்ஸ், அதனால நம்ம ஊரு ஹம் கொஞ்சம் ஷார்ப்பான ஜி மாதிரி காதுல விழும், அடுத்த தடவை வாசிச்சு ஒப்பிட்டு பாருங்க. அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், அங்க அது வேற சுருதி.

ஹம்பக்கர்ங்கற பேருக்கே ஹம்ம எதுத்து நிக்கறதுன்னு தான் அர்த்தம். கிப்சன் கம்பெனில வேல பாத்த சேத் லவர்ங்கற இன்ஜினியர் 1955ல இதுக்கு பேடன்ட் கேட்டு போட்டாரு, 1957ல லெஸ் பால் கிட்டார்ல வந்துடுச்சு. ரெண்டு காயில பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணோட காந்தத்த வட துருவம் மேலயும் இன்னொண்ணோடது தென் துருவம் மேலயும் இருக்கற மாதிரி வச்சு, கரண்டு போற திசையையும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா கோத்துட்டாங்க. ஸ்ட்ரிங்கோட சிக்னல் காந்தம், சுத்து ரெண்டாலயும் தலைகீழாகுது, ரெண்டு தடவ திருப்பினா நேராயிடும்ல, அதனால ரெண்டு காயில்லயும் ஒரே பக்கமா சேந்து கூடுது. வெளிய இருந்து வர்ற ஹம்முக்கு உள்ள இருக்கற காந்தம் எப்படி இருந்தா என்ன, அது சுத்தால மட்டும் தான் தலைகீழாகுது, அதனால ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு போயிடுது. எனக்கு இத முதல்ல டிப்ளமா படிக்கும்போது போர்டுல வரஞ்சு பாத்து புரிஞ்ச அன்னிக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு, இன்னொரு காயில சேத்து வெறும் திசைய மாத்தியே சத்தத்த நிறுத்தியிருக்காங்க.

சவுண்டு ஏன் மாறுதுன்னா, ரெண்டு காயில வரிசையா கோத்தா இண்டக்டன்ஸ், அதாவது கரண்டு வேகமா மாறறத காயில் எதுக்கற குணம், ஏறிடுது. சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் ரெண்டு, ரெண்டரை ஹென்றி இருக்கும், பழைய மாடல் ஹம்பக்கர் நாலுல இருந்து அஞ்சு. இந்த இண்டக்டன்ஸும் உங்க கேபிளோட கெப்பாசிட்டன்ஸும் (மின்சாரத்த தேக்கி வைக்கிற குணம்) சேந்து ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சிய தூக்கி குடுத்துட்டு அதுக்கு மேல இருக்கறத வெட்டிடும், இண்டக்டன்ஸ் ஏற ஏற அந்த எடம் கீழ எறங்கும், அதனால தான் ஹம்பக்கர் தடிமனாவும் சிங்கிள் காயில் கணீர்னும் கேக்குது. இது போக ஹம்பக்கர் ஸ்ட்ரிங்க ரெண்டு எடத்துல இருந்து கேக்கறதால மேல் பக்கத்து சின்ன அலைகள் கொஞ்சம் அடிபடும், ஆனா பெரிய பங்கு இண்டக்டன்ஸுக்கு தான். ஆர்கெஸ்ட்ராகாரங்க ஒரு விஷயத்த கவனிக்கணும், கேபிள் ஒரு மீட்டருக்கு சுமாரா 100 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும், ஸ்டேஜ் பின்னாடி நின்னுக்கிட்டு பத்து மீட்டர் கேபிள் போட்டா அதுவே ஒரு டோன் கன்ட்ரோல் மாதிரி ட்ரெபிள தின்னுடும். என் கிட்ட சவுண்டு மந்தமா இருக்குன்னு வந்த பல பேருக்கு நான் மாத்தி குடுத்தது கேபிள் மட்டும் தான்.

சிங்கிள் காயில்னா மெலடி, ஹம்பக்கர்னா ராக்குன்னு உங்க நண்பர் சொன்னத அப்படியே எடுத்துக்காதீங்க. லெட் செப்பலின்ங்கற ராக் பேண்டோட முதல் ஆல்பத்துல ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசிச்சது டெலிகாஸ்டர், அதுல இருக்கறது சிங்கிள் காயில். இன்னொரு ராக் பேண்டு டீப் பர்ப்பிளோட ரிச்சி பிளாக்மோர் கையில நாம பாக்கறது ஸ்ட்ராட். இந்தப் பக்கம் பாத்தா ப்ளூஸ் வாசிச்ச பி.பி. கிங் லூசில்னு பேர் வச்சு கொஞ்சின கிட்டார்ல இருந்தது ஹம்பக்கர், அந்தாளு வாசிச்ச ஒரு நோட் மணி அடிச்ச மாதிரி இருக்கும். பிக்கப் ஒரு சாய்வ குடுக்கும், மிச்சம் கையும் ஆம்ப்பும் தான். அதே மாதிரி கடைல 14 கே, 16 கேன்னு (கே-ன்னா கிலோ ஓம்) ரெசிஸ்டன்ஸ் நம்பர காட்டி இது பவர் ஜாஸ்தின்னு விப்பாங்க, மெல்லிசான கம்பி சுத்தினாலே அந்த நம்பர் ஏறிடும், காந்தம் என்ன, எத்தன சுத்துன்னு தெரியாம அத மட்டும் வச்சு அவுட்புட்ட சொல்ல முடியாது.

இப்ப உங்க இரைச்சலுக்கு வருவோம், எனக்கு இதுல தான் நெறய சொல்ல வேண்டியிருக்கு. ஸ்டேஜ்ல இரையுது, வீட்ல கம்மியா தான் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது பெரிய துப்பு. நம்ம பக்கம் விழா மேடைய நெனச்சு பாருங்க, பந்தல் முழுக்க சீரியல் செட், ஃபோகஸ் லைட்டுக்கு டிம்மர், பின்னாடி ஜெனரேட்டர், அதுலேருந்து ஒரே ஒயர இழுத்து ஜங்ஷன் பாக்ஸ் மேல ஜங்ஷன் பாக்ஸ் போட்டு லைட்டு, ஃபேனு, மிக்சர், கீபோர்டு, உங்க பெடல் அடாப்டர் எல்லாம் அதுலயே. இதுல மூணு வகை சத்தம் கலந்து வருது, அத பிரிச்சாத்தான் மருந்து தெரியும். முதல்ல கிட்டார் வால்யூம சைபருக்கு கொண்டு வாங்க. அப்பவும் சத்தம் இருந்தா பிக்கப் மேல பழி போடாதீங்க, அது கேபிள், பெடல், அடாப்டர், இல்ல மிக்சர் பக்கத்து எர்த் பிரச்சனை. வால்யூம் சைபர்ல நின்னு போச்சுன்னா அடுத்தது, வால்யூம ஏத்தி வச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு பக்கம் திரும்பினா சத்தம் ஏறி, இன்னொரு பக்கம் திரும்பினா எறங்கினா அது காந்தப்புலம் வழியா காயிலுக்கு நேரா வர்ற ஹம், ஆம்ப் ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்டெபிலைசர் மாதிரி ஏதோ ஒண்ணு பக்கத்துல இருக்கு. நாலடி தள்ளி நின்னாலே பாதி கொறையும், நான் பல கச்சேரில எடத்த மாத்தி நின்னே சமாளிச்சிருக்கேன்.

மூணாவது, ஸ்ட்ரிங்க தொட்டு பாருங்க. தொட்டா சத்தம் நல்லா கொறையுது, கைய எடுத்தா ஜ்ஜ்ஜ்னு வருதுன்னா நிறைய பேர் எர்த்திங் போயிடுச்சுன்னு நெனச்சு பயப்படுறாங்க, அது தப்பு. ஸ்ட்ரிங் கிரவுண்டு சரியா இருக்குன்னு அர்த்தம், சுத்தி இருக்கற ஒயர்லேருந்து உங்க உடம்பு பிடிச்சுக்கிட்டு வர்ற சத்தம் நீங்க தொட்டதும் கிரவுண்டுக்கு போயிடுது. இந்த ஜ்ஜ்ஜ் சத்தத்துக்கு கிட்டார் உள்ள குழி முழுக்க காப்பர் டேப் ஒட்டி அத கிரவுண்டோட சேத்தா நல்ல பலன் உண்டு, என் டேபிளுக்கு வர்ற விலை கம்மியான கிட்டார்கள்ல பாதிக்கு மேல உள்ள ஷீல்டிங்கே இருக்காது. ஆனா காப்பர் டேப் அந்த உம்ம்ம்ங்கற 50 ஹெர்ட்ஸ் காந்த ஹம்ம தடுக்காது, அதுக்கு டேப் ஒட்டி காசு செலவு பண்ணிட்டு ஏமாறாதீங்க. தொட்டா சத்தம் ஏறுதுன்னா ஜாக்ல ஹாட்டும் கிரவுண்டும் மாத்தி சால்ட்ரிங் பண்ணியிருக்கலாம், அத உடனே திறந்து பாருங்க.

எர்த் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும், இத தாண்டி போக எனக்கு மனசு வரல. ஹம் நிக்கறதுக்காக சில பேர் ஆம்ப்போட த்ரீ பின்ல எர்த் பின்ன பிடுங்கி விட்ருவாங்க, இல்ல ரெண்டு பின் கன்வர்ட்டர்ல சொருகுவாங்க. சத்தம் நிக்கும், வாஸ்தவம் தான். பத்து பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி கடலூர் பக்கத்துல ஒரு திருவிழா மேடைல அப்படி எர்த் இல்லாத ஆம்ப்ல நான் கிட்டார மாட்டிக்கிட்டு கோரஸ் பாட மைக் கிட்ட வாய வச்சேன், உதட்டுல இருந்து கை வரைக்கும் ஒரு அடி, பின்னாடி இருந்த ஸ்டாண்டோட விழுந்தேன். தரை நனைஞ்சிருந்தது, வெறுங்கால். 1972ல பிரிட்டன்ல வேல்ஸ் பகுதி ஸ்வான்சியில லெஸ்லி ஹார்வின்னு ஸ்டோன் த குரோஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் மேடைலயே மைக்க தொட்டு கரண்டு அடிச்சு செத்து போனாரு, 27 வயசு. ரெண்டு வழியா எர்த் சேந்து வளையமாகற எர்த் லூப்பால ஹம் வந்தா, கிட்டாரையும் மிக்சரையும் இணைக்கிற டிஐ பாக்ஸ்ல கிரவுண்டு லிஃப்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது சிக்னல் கிரவுண்ட மட்டும் பிரிக்கும், அத போடுங்க, மெயின்ஸ் எர்த்த தொடாதீங்க. மேடை ஏறினதும் புறங்கையால மைக்க லேசா தொட்டு பாக்கற பழக்கம் வச்சுக்கோங்க, சுரீர்னு இருந்தா மைக் செட்காரர கூப்பிட்டு சரி பண்ணாம வாசிக்காதீங்க, அவர் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

சரி, இதெல்லாம் பாத்தப்புறமும் காயில் ஹம் தான்னு தெரிஞ்சா? உங்க கிட்டார்லயே ஒரு ஓசி வழி இருக்கலாம். அஞ்சு பொசிஷன் ஸ்விட்ச்ல ரெண்டாவதும் நாலாவதும், அதாவது நடு பிக்கப்போட பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் தாங்கற அடிப்பக்கம்) பிக்கப்போ நெக் (கழுத்துப் பக்கம்) பிக்கப்போ சேர்ற எடம், அங்க ஹம் சட்டுனு கொறையுதான்னு பாருங்க. கொறஞ்சா உங்க நடு பிக்கப் தலைகீழ் காந்தம், தலைகீழ் சுத்து வச்சது, ரெண்டும் சேந்து ஹம்பக்கர் மாதிரியே ஹம்ம அடிச்சுடும். 1954ல வந்த ஸ்ட்ராட்ல இது கெடையாது, இப்ப வர்ற ஸ்ட்ராட் மாடல் நிறையத்துல இருக்கு. இன்னொரு லாபம், அந்த ரெண்டு பொசிஷனோட சவுண்டு தான் நம்ம சினிமா பாட்டு ஆர்ப்பெஜியோவுக்கும், கொஞ்சம் கோரஸ் எஃபெக்ட் போட்டு தட்டற ரிதத்துக்கும் கனகச்சிதமா உக்காரும். ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ் பேட் போட்டு நடு எடம் பூரா ரொப்பிடும், கீழ பேஸும் தபேலா டக்காவும், அதுக்கு நடுவுல நெக் ஹம்பக்கர வச்சு கார்டு வாசிச்சா கூழு மாதிரி ஆயிடும், நீங்க வாசிக்கிறீங்களான்னே முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாது. சர்ச்சுலயும் கூட்டுப் பாட்டுக்கு அடியில இதே கதை தான். அதனால மூணையும் ஹம்பக்கரா மாத்தறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், உங்க வேலைக்கு அது பொருந்தாது.

என் யோசனை, பிரிட்ஜ் பக்கம் மட்டும் ஒரு ஹம்பக்கர், நடுவும் நெக்கும் இருக்கற சிங்கிள் காயிலே இருக்கட்டும். டிஸ்டார்ஷன் போட்டு லீட் வாசிக்கும்போது தான் ஹம் பல மடங்கு பெருசாகும், ஏன்னா கெயின் சிக்னலோட சேத்து ஹம்மையும் தூக்குது, அந்த நேரத்துக்கு பிரிட்ஜ் ஹம்பக்கர். க்ளீனுக்கு நாலாவது பொசிஷன். ஆனா மாத்தறதுக்கு முன்னாடி பிக்கார்ட, அதாவது பிக்கப் மாட்டியிருக்கற முன்பக்க தகட கழட்டி மரத்துல என்ன குழி வெட்டியிருக்குன்னு பாருங்க, சில கிட்டார்ல பிரிட்ஜ் பக்கம் ஏற்கனவே ஹம்பக்கர் அளவுக்கு குழி இருக்கும், இல்லன்னா மரத்த வெட்டணும், அத பழக்கமில்லாத கைல குடுக்காதீங்க. வெட்ட வேணாம்னா சிங்கிள் காயில் அளவுலயே ரெண்டு காயில அடக்கின ஹம்பக்கர் கிடைக்குது, அது அப்படியே பொருந்தும், சவுண்டு மட்டும் முழு ஹம்பக்கர் மாதிரி அகலமா இருக்காது. ஸ்டாக்டு காயில்னு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி நாய்ஸ்லெஸ்னு விக்கறதும் ஹம்முக்கு நல்லா கேக்கும், ஆனா சாதா சிங்கிள் காயிலோட மேல் பக்கத்து பளபளப்பு கொஞ்சம் அடங்கின மாதிரி என் காதுக்கு படுது, இது நான் அளந்து பாத்து சொல்றது இல்ல, வாசிச்சு பாத்த அபிப்ராயம். ஹம்பக்கர் வாங்கினா நாலு ஒயரும் ஒரு ஷீல்டும் வெளிய வர்றதா பாத்து வாங்குங்க, அப்பத்தான் காயில் ஸ்ப்ளிட் பண்ணலாம், ரெண்டு ஒயர் மாடல்ல அது முடியாது. ஸ்ப்ளிட் பண்ணினா ஒரு காயில் தான் வேல செய்யும், ஹம்மும் திரும்ப வரும், அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. வால்யூம் பாட்டையும் (நாபுக்கு அடியில இருக்கற பொட்டன்ஷியோமீட்டர்) மறக்காதீங்க, சிங்கிள் காயிலுக்கு வழக்கமா 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. 250லயே ஹம்பக்கர விட்டா போர்வைக்குள்ள பாடற மாதிரி இருக்கும், 500ல சிங்கிள் காயில் கொஞ்சம் காத குத்தும். கலந்து வச்ச கிட்டாருக்கு நான் 500 போட்டுட்டு சிங்கிள் காயில் வாசிக்கும்போது டோன லேசா கொறச்சுக்க சொல்லுவேன்.

புதுசா கிட்டாரே வாங்கலாம்னு வீட்ல ஒத்துக்கிட்டா யமஹா பசிஃபிகா 112வி மாதிரி ஒண்ண கையில எடுத்து பாருங்க, ஒரு ஹம்பக்கர், ரெண்டு சிங்கிள் காயில், டோன் நாப இழுத்தா ஸ்ப்ளிட், நான் மேல சொன்னது எல்லாம் அதுல கட்டியே வருது. நாய்ஸ் கேட் பெடல் போட்டா போதாதான்னு கேட்டிருந்தீங்க, அது நீங்க வாசிக்காத நேரத்துல தான் கதவ மூடும், வாசிக்கும்போது ஹம் அடியில இருந்துக்கிட்டே தான் இருக்கும், நோட் மெதுவா அடங்கற எடத்துல வால வேற வெட்டிடும்.

காந்த வகைல அல்நிகோ 2 இனிப்பு, அல்நிகோ 5 காரம், கையால சுத்தின காயில் தான் உயிரோட்டம், பழைய காந்தம் தான் பழைய சவுண்டுன்னு நிறைய பேச்சு உண்டு. காந்தத்தோட பலம் மாறினா சவுண்டு மாறும், அது சரி, ஆனா ஆம்ப்ல ட்ரெபிள் நாப ஒரு கோடு நகத்தினா வர்ற வித்தியாசத்துக்கும் அதுக்கும் உங்க மேடைல பிரிச்சு சொல்ல முடியாதுன்னு தான் நான் நெனக்கிறேன், இப்ப உங்க காச அதுல போட வேணாம். அதவிட பிக்கப் உயரத்த சரி பண்ணுங்க, ஸ்க்ரூ டிரைவர் மட்டும் போதும். கடைசி ஃப்ரெட்ட அழுத்தி பிடிச்சா ஸ்ட்ரிங்குக்கும் காந்தத்துக்கும் ரெண்டுல இருந்து ரெண்டரை மில்லிமீட்டர் இருக்கட்டும், தடி ஸ்ட்ரிங் பக்கம் கொஞ்சம் தள்ளியே இருக்கலாம். ஸ்ட்ராட் பிக்கப்ல காந்தமே நேரா ஸ்ட்ரிங்குக்கு கீழ நிக்குது, ரொம்ப கிட்ட ஏத்தி வச்சா அது ஸ்ட்ரிங்க இழுத்து பிடிச்சு, மேல் ஃப்ரெட்ல ரெண்டு சுருதி சேந்து அலையற மாதிரி கேக்கும், ட்யூனிங் போச்சுன்னு நெனச்சு ட்யூனர திருகிக்கிட்டே இருப்பீங்க.

நம்ம ஊரு உப்புக்காத்து வேற. கடலூர்லயும் பாண்டிலயும் ஸ்டீல் ஸ்ட்ரிங் ரெண்டு மூணு வாரத்துல கருத்துடும், ஜாக் உள்ள பச்சை பிடிச்சு கர்ர்னு சத்தம் வரும், அதையும் பிக்கப் மேல பழி போட்டு கொண்டு வர்றாங்க. வாசிச்சு முடிச்சதும் வேர்வைய காட்டன் துணில துடைங்க, ஜாக்க கான்டாக்ட் கிளீனர் போட்டு சுத்தம் பண்ணுங்க. இந்த வாரம் வால்யூம் சைபர் டெஸ்ட்டு, சுத்தி நிக்கற டெஸ்ட்டு, தொட்டு பாக்கறது, நாலாவது பொசிஷன், இந்த நாலையும் அதே மேடைல அதே ஜெனரேட்டர் ஓடும்போது பண்ணுங்க, வீட்ல பண்ணி பிரயோஜனம் இல்ல. அப்புறம் பிக்கார்ட கழட்டி உள் பக்கம் ஒரு போட்டோ போடுங்க, குழி எப்படி வெட்டியிருக்கு, பாட் மேல 250ன்னு இருக்கா 500ன்னு இருக்கா, ஷீல்டிங் இருக்கான்னு பாத்துட்டு எத வாங்கலாம்னு சொல்றேன். அது வரைக்கும் எதையும் கழட்டி வீசாதீங்க.